பற்றும் தளையும் கடனும்: இந்திய, பிரித்தானியச் செவிலியரின் பணியிடப் பிணைப்பு – ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

செவிலியர் தம் பணியிடத்தோடு கொண்டுள்ள பிணைப்பை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் ஆய்வுகள் பல, ஒரே வினாநிரலை இரு நாட்டினருக்கும் வழங்கி, கிடைத்த சராசரி மதிப்பெண்களை அருகருகே வைத்து முடிவு காண்கின்றன. ஆனால், பணியில் நீடித்தல் என்னும் ஒரே செயல் விருப்பத்தால் நிகழலாம், இழப்பைக் குறித்த அச்சத்தால் நிகழலாம், கடமையுணர்வாலும் நிகழலாம். இம்மூன்றையும் பிரித்தறியாத ஒப்பீடு, கட்டாயத்தைப் பற்று எனப் பிழையாகக் கொள்ள இடமளிக்கிறது. இந்தியாவையும் பிரித்தானியாவையும் களமாகக் கொண்டு, செவிலியரின் பணியிடப் பிணைப்பு எதனால் உருவாகிறது, எதன்மீது படிகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கும்போது எழும் பொருள் மாற்றங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செவிலியர், பணியிடப் பிணைப்பு, பற்று, தளை, கடன், ஒப்பந்தப் பணி, வினாநிரல் தமிழாக்கம்.

முன்னுரை

மருத்துவமனையில் நோயாளியின் அருகே மிகுதியான நேரம் இருப்பவர் செவிலியர். மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை வகுக்கும் திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைசெய்பவரையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. அந்நான்காம் உறுப்பு நிலையாக இல்லாத இடத்தில் ஏனைய மூன்றும் முழுப்பயன் தருவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகும்போது, அறுவை மருத்துவம் பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. ஆகவே, செவிலியர் ஒரு மருத்துவமனையில் நீடிக்கின்றனரா, விலகுகின்றனரா என்பது நிருவாகச் சிக்கல் மட்டுமன்று. உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண முற்படும் ஆய்வுகள் பணியிடப் பிணைப்பு என்னும் கருத்தாக்கத்தை நாடுகின்றன. அக்கருத்தாக்கம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கும், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கும் செல்லும்போது அதன் பொருள் மாறாதிருக்கிறதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. பணியிடப் பிணைப்பு: கருத்தாக்கத்தின் வளர்ச்சி

சமூகவியலறிஞர் ஹோவர்ட் பெக்கர் 1960-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் ஒரு பணியில் தொடரத் தொடர, ஓய்வூதியம், பணிமூப்பு, பிள்ளைகளின் பள்ளி, குடியிருப்பு எனப் பல நலன்கள் அப்பணியோடு பிணைந்துகொள்கின்றன. விலகினால் அவை அனைத்தும் இழப்பாகும் என்பதால் அவர் நீடிக்கிறார் என்பது அக்கருத்தின் சாரம். 1970-களில் மௌடே, ஸ்டியர்ஸ், போர்ட்டர் ஆகியோர் இதற்கு மாறான கோணத்தை எடுத்தனர். நிறுவனத்தின் குறிக்கோள்களை ஏற்றல், அதற்காக உழைக்க முன்வருதல், அதில் தொடர விரும்புதல் ஆகிய மனநிலைகளையே அவர்கள் பிணைப்பு என்றனர். 1979-இல் அவர்கள் வெளியிட்ட 15 கூற்றுகள் கொண்ட வினாநிரல் பெருவழக்குப் பெற்றது.

இவ்விரு கோணங்களையும் ஜான் மேயர், நடாலி ஆலன் ஆகியோர் 1991-இல் ஒரே சட்டகத்துள் கொணர்ந்து, மூன்றாவது கூறு ஒன்றையும் இணைத்தனர். இக்கட்டுரை அம்மூன்று கூறுகளையும் பின்வருமாறு தமிழில் வழங்குகிறது.

அ. பற்றுசார் பிணைப்பு: விரும்புவதால் நீடித்தல்.
ஆ. தளைசார் பிணைப்பு: விலகினால் நேரும் இழப்பாலும் மாற்றுவழி இன்மையாலும் நீடித்தல்.
இ. கடன்சார் பிணைப்பு: நீடிப்பதே முறை என்னும் கடமையுணர்வால் நீடித்தல்.

இம்மூன்றும் ஒருவரிடமே வெவ்வேறு அளவில் ஒருங்கே இருக்கக்கூடியவை. 1993-இல் மேயர், ஆலன், ஸ்மித் ஆகியோர் இச்சட்டகத்தை நிறுவனத்துக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் விரித்தனர். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆய்வுக்களம் செவிலிய மாணவரும் பதிவுபெற்ற செவிலியரும் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு செவிலியர் தம் தொழிலின்மீது ஆழ்ந்த பற்றுடையவராகவும், பணியாற்றும் மருத்துவமனையின்மீது பற்றற்றவராகவும் இருத்தல் இயலும் என்பது இவ்விரிவாக்கத்தால் தெளிவுறுகிறது.

2002-இல் மேயரும் பிறரும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பணித்திறன், பணிக்குத் தவறாது வருதல் போன்ற நற்பயன்களோடு மிக வலுவான தொடர்புடையது பற்றுசார் பிணைப்பே எனக் கண்டனர். தளைசார் பிணைப்புக்கு அத்தகைய தொடர்பு இல்லை. சில இடங்களில் எதிர்மறைத் தொடர்பே காணப்பட்டது. கடன்சார் பிணைப்பின் தொடர்புகள் வட அமெரிக்காவுக்கு வெளியே கூடுதல் வலுவுடன் இருப்பதும் புலப்பட்டது. எனவே, ‘எவ்வளவு பிணைப்பு’ என்பதைவிட ‘எவ்வகைப் பிணைப்பு’ என்பதே ஒப்பீட்டுக்குரிய முதல் வினாவாகிறது.

2. செவிலி என்னும் சொல் சுமக்கும் கடன்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நவீனச் செவிலியம் தமிழகத்தில் வேரூன்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1909-இல் செவிலியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பெற்றது. 1946-இல் இளநிலைப் பட்டப்படிப்பும் அங்குத் தொடங்கியது. இத்தொழிலைக் குறிக்கத் தமிழ்நாட்டில் நிலைபெற்ற சொல் ‘செவிலியர்’ என்பதாகும். இலங்கைத் தமிழில் ‘தாதியர்’ என்பது வழக்கு.

அக இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழியைச் செவிலியின் மகளாகத் தொல்காப்பியம் குறிக்கிறது. தலைவி உடன்போக்கு மேற்கொண்டபோது பாலை வழியில் அவளைத் தேடிச் செல்பவளும் செவிலியே. இங்குச் செவிலியின் பிணைப்பு இல்லத்தின்மீதோ, இல்லத் தலைவரின்மீதோ அன்று. தான் பேணி வளர்த்த உயிரின்மீது படிந்ததாகும்.

இச்சொல் நவீனத் தொழிலுக்குப் பெயரானபோது தாய்மை என்னும் கடமையுணர்வும் உடன் வந்தது. ஊதியம் குறித்துப் பேசும் செவிலியரை நோக்கி ‘சேவை மனப்பான்மை இல்லையா’ என்று எழும் கேள்வியின் வேர் இங்கே உள்ளது. பிரித்தானியாவிலும் இதற்கு இணையான மரபு உண்டு. லண்டன் புனித தாமசு மருத்துவமனையில் 1860-இல் புளோரன்சு நைட்டிங்கேல் பெயரால் தொடங்கிய பயிற்சிப்பள்ளி, ஒழுக்கத்தையும் தன்னடக்கத்தையும் தொழிலின் இலக்கணமாக்கியது. 1916-இல் தோன்றிய அரச செவிலியர் கல்லூரி என்னும் தொழிலமைப்பு, வேலைநிறுத்தம் செய்வதில்லை என்னும் கொள்கையை 1995 வரை கடைப்பிடித்தது. கடன்சார் பிணைப்பு அங்கு ஓர் அமைப்பின் விதியாகவே எழுதப்பட்டிருந்தது எனலாம். ஆகவே, ‘கீழை நாட்டில் கடமை, மேலை நாட்டில் தன்விருப்பம்’ என்னும் எளிய பாகுபாடு செவிலியத்துக்குப் பொருந்துவதில்லை.

3. இந்தியச் சூழல்: மூவகைப் பணியிடங்கள்

இந்தியச் செவிலியரின் பணியிடம் ஒரு தன்மையதன்று. அரசு நிரந்தரப் பணி, அரசு ஒப்பந்தப் பணி, தனியார் மருத்துவமனைப் பணி என அதனை மூவகைப்படுத்தலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைப் பிணைப்பை உருவாக்குகின்றது.

3.1 அரசு நிரந்தரப் பணி: ஊதியக்குழுவின் பரிந்துரைப்படி அமையும் ஊதியம், பணிப்பாதுகாப்பு, தமிழ்நாட்டில் 2021 முதல் 12 மாதங்களாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பு ஆகியவை பெக்கர் சுட்டிய பிணைந்த நலன்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாகும். ஆயின், இச்செவிலியர் கலந்தாய்வின்வழி ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் பெறக்கூடியவர். எனவே, அவரது தளை குறிப்பிட்ட மருத்துவமனையோடு அன்று, துறையோடு அமைந்தது.

3.2 அரசு ஒப்பந்தப் பணி: தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015-இல் தேர்வான செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஈராண்டுக்குப் பின் நிரந்தரப்படுத்தப்படுவோம் என்னும் எதிர்பார்ப்பு அவர்களிடம் இருந்தது. அது நிறைவேறாத நிலையில் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் பெருந்திரளாகக் கூடிப் போராடினர். கொரோனா காலத்தில் 2020-இல் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட செவிலியரின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டபோதும் போராட்டம் எழுந்தது. குறைந்த ஊதியத்திலும் இச்செவிலியர் நீடித்தமைக்கு இப்போது பெறும் நலன் காரணமன்று. வரவிருக்கும் நிரந்தரப் பணியே காரணம். விலகினால் காத்திருந்த ஆண்டுகள் வீணாகும் என்பதால், இதனைக் காத்திருப்பின் தளை எனக் குறிக்கலாம்.

3.3 தனியார் மருத்துவமனைப் பணி: 2011, 2012-ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் நிகழ்ந்த செவிலியர் போராட்டங்களில் ஊதியத்தோடு முன்னின்ற மற்றொரு சிக்கல் ஒப்பந்தப் பத்திர முறையாகும். குறித்த காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்னும் நிபந்தனையும், மூலச் சான்றிதழ்களை நிறுவனமே வைத்துக்கொள்ளுதலும் இம்முறையின் கூறுகள். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதலின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசு ஊதியத்துக்கு இணையாக அமைதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரள அரசு 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியிட்டது. பரிந்துரை சட்டக் கட்டாயமாகாத மாநிலங்களில், தனியார் பணி பலருக்கு அனுபவச் சான்றிதழ் பெறும் இடைவழியாகவே நீடிக்கிறது. வளைகுடா நாடுகளின் பணிவாய்ப்புகள் பலவும் ஈராண்டு முன்னனுபவத்தைக் கோருவதால், அச்சான்றிதழ் கிட்டும் நாளே விலகும் நாளாக முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது.

4. பிரித்தானியச் சூழல்: சேவையின்மீது படியும் பிணைப்பு

என்.எச்.எஸ். எனப்படும் தேசிய நலவாழ்வுச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. மருத்துவமனைகள் தனித்தனி அறக்கட்டளை அமைப்புகளாக நிருவகிக்கப்படினும், 2004 முதல் செவிலியர் ஊதியம் பொதுவான படிநிலை முறையில் அமைகிறது. புதிதாகப் பதிவுபெற்ற செவிலியர் ஐந்தாம் படிநிலையில் தொடங்குகிறார். அவர் லீட்சு நகர மருத்துவமனையிலிருந்து பிரிஸ்டல் நகர மருத்துவமனைக்கு மாறினாலும் படிநிலை மாறுவதில்லை. ஓய்வூதியத் திட்டமும் தொடர்கிறது. எனவே, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதால் நேரும் இழப்பு குறைவு. சேவையை விட்டே வெளியேறுவதால் நேரும் இழப்பு மிகுதி.

இதனால், மருத்துவமனையை அலகாகக் கொண்டு கேட்கப்படும் வினா அங்கு ஒரு பொருளையும், இந்தியத் தனியார் மருத்துவமனையில் வேறொரு பொருளையும் தருகிறது. ‘இந்நிறுவனம்’ என்னும் சொல்லைப் படிக்கும் பிரித்தானியச் செவிலியர் தம் மருத்துவமனையை எண்ணலாம், என்.எச்.எஸ். முழுவதையும் எண்ணலாம். இவ்வகையில் இந்திய அரசு நிரந்தரச் செவிலியரும் பிரித்தானியச் செவிலியரும் ஒருவரையொருவர் ஒத்துள்ளனர். ஒரே நகரில் வாழும் இந்திய அரசுச் செவிலியருக்கும் தனியார் செவிலியருக்கும் இடையிலான வேறுபாடு, சில கூறுகளில் நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டினும் பெரிதாக இருத்தல் கூடும்.

பிணைந்த நலன்கள் இத்துணை இருந்தும், 2022-இல் இங்கிலாந்தின் என்.எச்.எஸ்.-இல் 40,000-க்கும் மேற்பட்ட செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்படாதிருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் அரச செவிலியர் கல்லூரியின் உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். ஊதியத்தோடு, போதிய செவிலியர் இன்மையால் நோயாளியின் பாதுகாப்பு குன்றுவதும் அவர்தம் முறையீடாக இருந்தது.

5. போராட்டம் பிணைப்பின்மையின் அடையாளமா?

2017-இல் சென்னையிலும் 2022-இல் பிரித்தானியாவிலும் நிகழ்ந்த போராட்டங்களைப் பிணைப்பின்மையின் வெளிப்பாடாகக் கொள்வது பிழையாகும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், நிறைவின்மை கொண்டோர்க்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என இருவழிகள் உண்டு என்றும், பற்றுறுதி உடையோர் வெளியேறுதலைத் தள்ளிவைத்துக் குரலெழுப்ப முனைவர் என்றும் விளக்கினார். இதன்படி, தெருவில் நின்று முழக்கமிடும் செவிலியர் இன்னும் வெளியேறாதவர். சென்னையில் எழுந்த கோரிக்கை, நிரந்தரமாக நீடிக்கும் உரிமையை வேண்டியது. பிரித்தானியக் கோரிக்கை, நீடிக்கத்தக்க நிலைமையை வேண்டியது. முன்னதில் தளையை உறுதிப்படுத்துமாறு செவிலியரே கேட்கின்றனர்; பின்னதில் பற்றைக் காத்துக்கொள்ள வழி கேட்கின்றனர். எவரும் குரலெழுப்பாது அமைதியாக விலகிச்செல்லும் மருத்துவமனையே பிணைப்பு குன்றிய இடமாகும்.

6. இரு நாடுகளையும் இணைக்கும் செவிலியர்

அண்மை ஆண்டுகளில் பிரித்தானியப் பதிவேட்டில் புதிதாகச் சேரும் வெளிநாட்டுச் செவிலியருள் இந்தியரே மிகுதியானோர். ஆங்கிலமொழித் தேர்வு, கணினிவழித் தேர்வு, பிரித்தானியாவில் நிகழும் செய்முறைத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தே அவர்கள் பதிவு பெறுகின்றனர். 2020 ஆகஸ்டில் நலவாழ்வுப் பணியாளர்க்கெனத் தனி நுழைவிசைவு அறிமுகமானது. இவ்விசைவு பணியமர்த்தும் நிறுவனத்தோடு பிணைந்தது. நிறுவனம் மாறினால் புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு இசைவுக்கு 5 ஆண்டுகள் என்னும் வரையறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்து வந்தது. குறித்த காலத்துக்குள் விலகினால் பணியமர்த்தல் செலவைத் திருப்பித்தரக் கோரும் விதிகளும் சில ஒப்பந்தங்களில் இடம்பெறுகின்றன.

ஒரே நோயாளிக்கூடத்தில் அருகருகே பணியாற்றும் இருவருள் ஒருவர் பிரித்தானியர், மற்றவர் இந்தியர் எனக் கொள்வோம். ஐந்தாண்டும் இருவரும் விலகவில்லை. பதிவேட்டில் இருவரும் நீடித்தவரே. ஆனால், முதலாமவர்க்கு வாயில் திறந்திருந்தது. இரண்டாமவர்க்கு வாயிலின்மீது நுழைவிசைவு, ஊரிலுள்ள கல்விக்கடன், குடும்பத்தின் எதிர்பார்ப்பு என மூன்று தாழ்கள் இருந்தன. இரண்டாமவரின் நீடிப்பைப் ‘புலம்பெயர்ந்தோரின் பற்றுறுதி’ என எழுதும் ஆய்வு, தாழ்களைக் காணத் தவறுகிறது. அதற்காக அவரிடம் பற்றே இல்லை என்று முடிவுகட்டுதலும் தகாது. இரண்டையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

7. வினாநிரலைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள்

மேயர், ஆலன் ஆகியோரின் வினாநிரலைத் தமிழில் வழங்கும்போது குறைந்தது மூன்று இடங்களில் பொருள் மாற்றம் நேர்கிறது.

முதலாவது, கடன்சார் பிணைப்பை அளக்கும் கூற்றுகளுள் ஒன்று நிறுவனத்துக்குத் தாம் மிகவும் கடன்பட்டிருப்பதாக உணர்தல் பற்றியது. தமிழில் ‘கடன்’ என்பது கடமையையும் குறிக்கும். திருப்பித்தர வேண்டிய பணத்தையும் குறிக்கும். ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பமிட்ட செவிலியர் இக்கூற்றுக்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ எனக் குறித்தால், அது நன்றியுணர்வா, பணச்சுமையா என்பதை மதிப்பெண் காட்டாது.

இரண்டாவது, நிறுவனத்தைக் குடும்பமாக உணராமை பற்றிய எதிர்மறைக் கூற்று. இதற்கு ‘உடன்படவில்லை’ என்று குறிப்பவர் உண்மையில் குடும்பமாக உணர்பவர். தமிழில் இவ்விரட்டை எதிர்மறை படிப்போரைத் தடுமாறச் செய்யும். அன்றியும், ‘குடும்பம்’ என்னும் சொல் தமிழ்ச் சூழலில் அன்போடு கீழ்ப்படிதலையும் உணர்த்துவதாகும்.

மூன்றாவது, ‘நிறுவனம்’ எனும் சொல். அரசு மருத்துவமனைச் செவிலியர் தம் பணியிடத்தை நிறுவனம் என்று குறிப்பதில்லை, ‘ஜி.எச்.’ என்றோ, ‘டிபார்ட்மென்ட்’ என்றோ வழங்குகின்றனர். மருத்துவமனையா, துறையா என்பதைக் கூற்றிலேயே தெளிவாக்குதல் இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒப்புநோக்கும் முறை பயனுடையதே. ஆனால், ‘கடன்பட்டுள்ளேன்’ என்பது எவ்விடரும் இன்றி ஆங்கிலத்துக்குத் திரும்பிச் செல்லும். அதனுள் ஒளிந்த இரண்டாம் பொருள் வெளிப்படாது. எனவே, சில செவிலியரிடம் கூற்றுகளைப் படிக்கச்செய்து, அவர்கள் விளங்கிக்கொண்டதை அவர்தம் சொற்களிலேயே கேட்டறிதல் வேண்டும். இரு நாட்டினரும் வினாநிரலை ஒரே வகையில் புரிந்துகொண்டனர் என்பதைக் காட்டும் அளவீட்டு மாறாமைச் சோதனையில் தேறிய பின்னரே சராசரிகளை ஒப்பிடுதல் தகும்.

இவற்றோடு, வினாநிரலை யார் வழங்குகிறார் என்பதும் விடையை மாற்றும். பணிநீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒப்பந்தச் செவிலியர், கண்காணிப்பாளர் அலுவலகத்தின் வழியே வந்து அவ்வழியே திரும்பும் தாளில் விலகும் எண்ணத்தைக் குறிக்கத் தயங்குவார். அத்தயக்கம் மதிப்பெண்ணில் பற்றாக உருமாறுகிறது.

முடிவுரை

இந்திய, பிரித்தானியச் செவிலியரின் பணியிடப் பிணைப்பை ஒப்பிடுவதற்கு நாடு என்னும் ஒற்றை மாறி போதாது என்பது மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுகிறது. பணியமர்த்தத்தின் வகை, பிணைப்பு படியும் இடம், பிணைப்பின் வகை ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், புலம்பெயர்ந்த பணியாளர் ஆகியோரை ஒரே தொகுதியாக்கிச் சராசரி காணுதல் தவிர்க்கத்தக்கது. மருத்துவமனை, துறை, தொழில், நோயாளி ஆகிய நான்கில் எதன்மீது பிணைப்பு என்பதை வினாநிரல் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ஒப்பந்தச் செவிலியரிடம் பிணைப்பு உயர்ந்துள்ளது என்று ஓர் ஆய்வு கூறுமாயின், இருக்கும் நிலையே போதுமானது என நிருவாகம் கருதக்கூடும். அப்பிணைப்பு பற்றன்று, தளை என்று அதே ஆய்வு பகுத்துக்காட்டுமாயின், பணிப்பாதுகாப்பு, ஊதியம், செவிலியர்–நோயாளி விகிதம் ஆகியவற்றை நோக்கி வினா திரும்பும். தளை அவிழும் வாய்ப்பு வந்த நாளில் விலகிச்செல்பவர் விட்டுச்செல்லும் வெற்றிடம், நோயாளியின் படுக்கையருகேதான் அமைகிறது.